ஏரிக்கரை ஏற்றத்துக்கு முப்பத்தொன்று

"தெரியாது" என்ற சொல்லை அவரளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. நாமெல்லாம் அதைத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வோம், இல்லாவிட்டால் எரிச்சலோடு சொல்வோம். அவருக்கு முகம் மலர்ந்துவிடும். நல்ல வேலை ஒன்று கைக்கு வந்து சேர்ந்த மாதிரி.

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால் ஒரு தெரு. மொத்தம் பதினான்கு வீடுகள். ஒன்பதாவது வீட்டில் நான் வாடகைக்கு இருந்தேன், பத்தாவது அவருடையது. ஆந்திரம் பிரிந்து, எல்லை எங்களுக்குச் சற்று வடக்கே வந்து நின்ற சமயம். நான் போர்டு பள்ளியில் கணக்கு வாத்தியார். டிரில் மாஸ்டர் வேலைக்கு ஆள் போடாததால் அந்த வகுப்பும் என் தலையில் விழுந்திருந்தது. அவர் ஒரு வாடகைக் கார் வைத்திருந்தார். பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி நடத்திய குடும்பம். உடன்பிறந்தவர்கள் ஐந்து பேரும் மண்டியில் உட்கார்ந்திருக்க, இவர் ஒருவர் மட்டும் இயந்திரங்களின் பின்னால் போய், எண்ணெய்ப் பிசுக்கோடு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊருக்கு அவர் பாய். எனக்கும் பாய்தான்.

அரிசி மில்லில் ஒரு முறை ஆயில் எஞ்சினுக்குக் கோளாறு, ஓட ஓட நின்றுவிடும். கால் மணி கழித்துக் கிளப்பினால் ஓடும், மறுபடி நிற்கும். மூன்று பேர் வந்து பார்க்காமலே மூன்று காரணம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மில் முதலாளி கடைசியாக இவரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"இன்னா பாய் கோளாறு?"

"தெரியாது மொதலாளி."

"தெரியாதுன்னு சொல்லத்தான் இம்மாந் தூரம் நடந்து வந்தியா?"

"பாத்தா தெரியும். பாக்காத முன்னாடி எப்பிடித் தெரியும்?"

காலை நாஷ்டா முடிந்து ஆரம்பித்தவர் சாயங்காலத் தொழுகைக்குச் சற்று முன்னால் எழுந்தார். ஒன்றைச் சரிபார்ப்பார், எஞ்சினை ஓடவிடுவார், நிற்கும் வரை காத்திருப்பார். அதன் பிறகுதான் அடுத்தது. இரண்டு சாமானை ஒரே நேரத்தில் தொடவே மாட்டார். "ரெண்டையும் மாத்திட்டா எது சரியாச்சின்னு யாருக்குத் தெரியும் வாத்யாரே? வண்டி ஓடும். நம்ம புத்தி ஓடாது" என்பார். ஏழாவதாகப் பார்த்ததில் கோளாறு அகப்பட்டது. எண்ணெய்த் தொட்டியின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை. அதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"மொதலாளி, உங்க மில்லுல குளவி ஊடு கட்டிக்கினு கீது. வாடகை வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தார்.

இயந்திரத்தோடு அந்தக் குணம் நின்றிருந்தால் பரவாயில்லை. மழை வருமா பாய் என்றால் தெரியாது. ரயில் வந்துவிட்டதா என்றால், நான் பார்க்கவில்லை, தெரியாது. ரயிலடி டீக்கடைக்காரர் ஒரு தெலுங்கர், எல்லாருக்கும் நைனா, வாயைக் கிண்டுவதில் கெட்டிக்காரர். பாய்க்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆனபின் ஒரு நாள், "மாப்ள எப்பிடி பாய், நல்லவரா?" என்று கேட்டார்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியாது. பாத்துக்கினுதான் கீறேன்."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உள்ளதைத்தான் சொல்லியிருந்தார்.

இனி அந்தக் காரைச் சொல்ல வேண்டும். யுத்தத்துக்கு முன்னால் செய்த நாலு கதவு வண்டி. மைல் காட்டும் கருவியில் ஐந்து இலக்கம்தான் உண்டு. அது ஒரு சுற்று முழுசாகச் சுற்றி மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பி நாற்பத்திரண்டாயிரத்தில் நின்றது. அதாவது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். ஒரு சுற்றுதானா, இரண்டு சுற்றா என்று நான் கேட்டதற்கும் அதே பதில்தான்.

எங்கள் பக்கம் தட்டைத் தரை. வயலும் ஏரியும். மேடு என்று சொல்ல ஒன்றே ஒன்று. தேர்வாய் கண்டிகைக்குப் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை குறுக்கே வரும். ரோடு இந்தப் பக்கம் சரிவாக ஏறி, கரைமேல் கொஞ்சம் ஓடி, அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும். அந்தச் செங்குத்தின் அடியில் ஒற்றைப் பனை. உச்சியில் மதகு. பனையிலிருந்து மதகுக்கு வண்டி ஏற எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பார்ப்பது பாயின் பரீட்சை. எண்ணுவது நான்.

டிரில் வகுப்பில் தினமும் கத்திக் கத்தி என் எண்ணிக்கை ஒரே தாளத்தில் ஊறிப்போயிருந்தது. அதை அவர் பக்கத்து வீட்டிலிருந்தே கேட்டு வைத்திருக்கிறார்.

"ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்களேன் பாய்" என்றேன்.

"கடிகாரம் நின்னா தெரியாது. வாத்யாரு நின்னா தெரியும்."

"நீங்களே எண்ணலாமே?"

"ஓட்டுறவன் எண்ணக் கூடாது. அவனுக்கு ஆசை இருக்கும்."

நான் மனசுக்குள்ளேதான் எண்ண வேண்டும் என்பதும் அவர் ஏற்பாடு. வாய்விட்டு எண்ணினால் அவர் கால் பதறி ஆக்சிலேட்டரை மிதித்துவிடுமாம். மதகுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, "எத்தினி?" என்பார். சொல்வேன். முதல் தடவை எண்ணியபோது முப்பது. ஆறு மாதம் கழித்து முப்பத்துமூன்று. பிறகு முப்பத்தாறு. அடுத்த ஆடியில் நாற்பத்தொன்று. வண்டி தட்டைத் தரையில் நன்றாகத்தான் ஓடியது, சத்தமும் மாறவில்லை. வலு மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"இன்னா பாய், ரெண்டு மாடு புடிச்சிக் கட்டட்டுமா?" என்றார் டீக்கடைக்காரர்.

பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு முதல்தடவையாக அவர் கவலைப்பட்டு நான் பார்த்தேன்.

காரணம் மகள். அவளைக் கொடுத்திருந்தது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்து ஊரில், ஒரு மளிகைக் கடைக் குடும்பத்தில். முதல் பிரசவத்தின்போது மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து இறந்துவிட்டது. அடுத்த முறை வலி எடுத்த உடனே கொண்டுவர வேண்டும், தாமதித்தால் தாய்க்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

"எட்டாம் மாசமே இட்டாந்து என் ஊட்ல வெச்சிக்கிறேன்னு கேட்டேன் வாத்யாரே. பொம்பள இல்லாத ஊட்ல எப்பிடின்னு கேட்டாங்க. அதுவும் நியாயந்தான். நான் இன்னா சொல்றது?"

பாயின் மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் வலி எடுத்ததும் ஆள் அனுப்புவது, இவர் வண்டியோடு போவது, செங்குத்தை ஏறிப் பெரிய ரோட்டைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. ஐப்பசியில் நாள் சொல்லியிருந்தார்கள். ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் பட்டியல் எழுதினார். வண்டியில் வலுவைத் தின்னக்கூடியவை என்னென்ன என்று. அரபு எழுத்தில் எழுதிய தமிழ், வலமிருந்து இடமாக ஓடும். எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. வரிகளை மட்டும் எண்ணினேன். பதினொன்று. ஒன்றைச் சரிசெய்வது, ஏற்றத்துக்குப் போவது, எண்ணிக்கை மாறாவிட்டால் அந்த வரியை அடிப்பது. பின் சீட்டில் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொள்வோம்.

"ஒரு மூட்ட என் மவ. ஒரு மூட்ட சம்மந்தியம்மா."

"சம்பந்தியம்மாவுக்கு ஒன்றரை மூட்டை வேண்டாமா பாய்?"

"அத்த அவங்க முன்னாடி சொல்லு, பாக்கலாம்."

பிளக்குகளைத் துடைத்தார்: நாற்பத்தொன்று. கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார்: நாற்பத்தொன்று. பிரேக் பிடித்துக்கொண்டு இழுக்கிறதோ என்று சக்கரம் சக்கரமாகச் சுற்றிப் பார்த்தார். கிளட்ச் நழுவுகிறதோ என்று பார்த்தார். ஞாயிறு தவறாமல் போனோம். எட்டு வரிகள் அடிபட்டன. ஒன்பதாவது வால்வு. எஞ்சின் தலையைக் கழற்றி, எட்டு வால்வுகளையும் பசை தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டித் தேய்த்தார். நான்கு நாள். கையெல்லாம் கொப்புளம். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்.

அந்த ஞாயிறு ஏற்றத்துக்குப் போனோம். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். மதகில் நின்றதும் என் கணக்கில் நாற்பது.

"எத்தினி?"

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்திருந்த விதம் என் கண்ணில் பட்டது. விரல் நுனிகளால் மட்டும் பிடித்திருந்தார். உள்ளங்கை படவில்லை.

"முப்பத்தொன்று" என்றேன்.

இரக்கத்தில் சொன்னேன் என்று இருபது வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. அது எங்கள் ஒன்பதாவது ஞாயிறு. வெயில், பசி, வீட்டில் திருத்த வேண்டிய நாற்பத்தாறு பரீட்சைத் தாள்கள். அவர் முகம் மலர வேண்டும் என்றும் நினைத்தேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் நினைத்தேன். எது முன்னால் வந்தது என்பது இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

அவர் உடனே சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினார். "எனக்கு அப்பிடித் தெரியலியே... அதே மாரிதான் இழுத்துச்சி."

எனக்குப் பயமாகிவிட்டது. அவரே அந்தப் பேச்சை முடித்தும் வைத்தார்.

"ஓட்டுறவனுக்கு இன்னா தெரியும்? நீ எண்ணிட்ட. அல்ஹம்துலில்லா."

திரும்பும் வழியில் பாடிக்கொண்டே வந்தார். தெருவில் பதினான்கு வீட்டுக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தார், சம்பந்தி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். கொட்டகைச் சுவரில் மீதி இருந்த இரண்டு வரிகளையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். வலு எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டதே, இனி அவை எதற்கு?

அதன் பிறகு சுமையோடு அந்தச் செங்குத்தை ஏற வேண்டிய சவாரி எதுவும் அமையவில்லை. ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் அடைமழை. பள்ளிக்கு விடுமுறை. மத்தியானம் சம்பந்தி கடையின் கணக்குப்பிள்ளை சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து, வலி எடுத்துவிட்டது என்றான். மருமகனும் சம்பந்தியும் சரக்கு வாங்க மெட்ராஸ் போயிருந்தார்கள்.

"வாத்யாரே, ஒரு கை வேணும், வா" என்றார் பாய். போனேன்.

மகளைப் பின் சீட்டில் கிடத்தி, தலையைச் சம்பந்தியம்மா மடியில் வைத்துக்கொண்டார். பனை வரை ஓடி வந்த வண்டி, ஏற்றத்தில் முக்கால் பங்கு ஏறி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வழுக்கிப் பனைக்கே வந்தோம். மறுபடி ஏறினார். இந்தத் தடவை பாதியில் நின்றது. நான் இறங்கித் தள்ளினேன். சேற்றில் என் முழங்கால் போனதுதான் மிச்சம்.

"சம்மந்தி, இன்னா இது? புள்ள துடிக்கிறாளே!" என்று அந்த அம்மாள் கத்தினார்.

"வாப்பா... வாப்பா..." என்று மகள் தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பாய் எஞ்சின் மூடியைத் திறந்தார். மழை வழிந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"வாத்யாரே, வால்வு தேச்சப்புறம் எத்தினி சொன்ன?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பது. நாலெழுத்து. பின் சீட்டில் அவள், எதிரே அவர்.

"முப்பத்தொன்று" என்றேன், இரண்டாம் முறையாக.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப இது புதுக் கோளாறு. மழையில வந்தது."

நனைந்திருக்கும் என்று பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஏறிப் பார்த்தார். நின்றது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று குழாயைக் கழற்றினார். ஏறினார். நின்றது. அவசரம் என்பதற்காக முறையை மாற்றிக்கொள்கிற மனிதர் இல்லை அவர். ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏற்றமாக, பொய்யான ஓர் எண்ணைக் காலடியில் வைத்துக்கொண்டு தேடினார். நான் ஒரு பக்கமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். கிட்டத்தட்ட ஐம்பத்திரண்டு நிமிஷம். அப்போது அவள் கூப்பிடுவது நின்றுவிட்டது.

"பாய்! அன்னைக்கு நாற்பது. முப்பத்தொன்று இல்லை. நாற்பது."

அவர் என்னைப் பார்த்தார். அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். அவர் அப்போதே அடுத்ததற்குப் போயிருந்தார்.

"அப்ப வால்வு இல்ல. செவுத்துல அதுக்கு அடுத்தது சைலன்சரு."

சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். புகை போகிற குழாயில் சத்தத்தை அடக்குவதற்காக ஒரு டப்பா இருக்கும், அதுதான் சைலன்சர். ஓடி ஓடி உள்தகடு இற்று விழுந்து, கரி நாளுக்கு நாள் கூடி அடைத்து, அது புகையை வெளியே விடாமல் எஞ்சினின் மூச்சை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாலு அடி அடித்துக் குழாயை அதற்கு முன்னால் பிரித்துவிட்டார். நூற்று எண்பது எண்ணுவதற்குள் வெளியே வந்துவிட்டார். கிளப்பினார். பீரங்கி போல ஒரு சத்தம். வண்டி பனையிலிருந்து மதகுக்குப் பாய்ந்தது. இருபத்தெட்டு. அந்த வண்டி அவ்வளவு வேகமாக ஏறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மகளைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை தங்கவில்லை. இனிமேல் அவளுக்குப் பிள்ளை இருக்காது என்றும் சொன்னார்கள். "ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால்" என்று நர்ஸ் பாயிடம்தான் சொன்னாள். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். துணியில் சுற்றிய பிள்ளையை அவர் வாங்கிக்கொண்டார். துணி விலகியிருந்தது. கையில் பத்து விரல், காலில் பத்து விரல். எல்லாம் சரியாக இருந்தன.

நாற்பது நாள் ஆகியும் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினார். நான் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும், "தொழுகைக்கு நேரமாச்சி" என்று எழுந்துபோனார்.

ஒரு காலையில் டீக்கடையில் இருந்தேன். பாயும் இருந்தார். என்னைத் தவிர ஏழு பேர். சம்பந்தி ரயிலுக்கு வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு நேரே பாயின் முன் வந்து நின்றார். நல்ல மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

"ரெண்டு மாசமா வண்டியப் பிரிச்சிப் பிரிச்சி மாட்டினீங்களே சம்மந்தி. வண்டி சரியாயிடிச்சின்னு பூந்தி குடுத்தனுப்பினீங்க. பொறவு எப்பிடி நின்னுச்சி? எனக்கு அது ஒண்ணு தெரியணும்."

பாய் நிமிர்ந்தார். அவர் கண் ஒரு கணம் என்மேல் பட்டுப் போயிற்று. நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம்கூட முழுசாக மனத்தில் இருந்தது. ஐந்து வார்த்தைகள்.

"சைலன்சர பாக்கணும்னு எனக்குத் தோணல" என்றார் பாய். "கவனக் கொறைவு. என் தப்புதான்."

சுவரில் எழுதி வைத்திருந்தவர் அவர். பார்க்காததைப் பார்த்தேன் என்றோ, பார்த்ததைப் பார்க்கவில்லை என்றோ ஓர் இயந்திரத்தைப் பற்றி அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அதன் பிறகும் கேட்டதில்லை.

சம்பந்தி தலையை ஆட்டினார். "அப்பிடின்னா, எங்க ஊட்டுப் பொண்ண இனிமே உங்க வண்டியில ஏத்த மாட்டேன். உங்க வாசலுக்கும் அனுப்ப மாட்டேன். நீங்களும் வராதீங்க. அவ உங்களப் பாக்கத் தேவையில்ல."

"சரி சம்மந்தி" என்றார் பாய்.

அவர் மௌத்தாகி அடக்கமாகும் வரை, பதினொரு வருஷம், அவள் வரவில்லை.

சம்பந்தி பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனார். டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பாய் டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"நைனா, வாத்யாருக்கு இன்னும் டீ குடுக்கலியா நீ? குடு."

டீ வந்தது. நான் அதைக் குடித்தேன்.